அசையாக் கட்டு

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரகல சந்தியில் பஸ்ஸுக்கு வழி கிடைக்காது. வெல்லவாயவுக்குப் போகிறவரும் கொழும்புக்குப் போகிறவரும் ஹோர்னை அமுக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மண்சரிவு என்று நினைத்து எட்டிப் பார்ப்பார்கள். மண் சரியவில்லை. சந்திக்கு மேலே, மூடிக் கிடந்த பழைய கொழுந்து மடுவத்தில், முடக்கறுத்த சாமி எழுந்தருளியிருந்தார். சரிந்தது சனத்தின் புத்திதான்.

ஒரு காலத்தில் அந்த மடுவத்தில் கொழுந்து நிறுப்பார்கள். இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீருக்கு என்று சொல்லி எடையில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள். இப்போது ஆட்களே லொறியில் வந்து இறங்கி, தாங்களாகவே கழிபட்டுப் போனார்கள்.

சாமிக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும். உடம்பு வலி. அதை உடம்பு வலி என்று சொல்லக் கூடாது, முடக்கு முனி என்று சொல்ல வேண்டும். மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கிற சனத்துக்குக் கை கால் வலிக்கும் என்று கண்டுபிடிக்க ஞானதிருஷ்டி வேண்டுமா? மீனைத் தூக்கிப் பிடித்து, "நீ நனைந்திருக்கிறாய்" என்று சொல்கிற வித்தை அது. ஆனால் சாமி அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் நம் ஆட்களுக்கு எதுவும் வேதவாக்கு.

வலிக்காரர் தரையில் படுக்க வேண்டும். தலை முதல் கால் வரை கம்பளியால் மூடுவார்கள். சாமி மயிலிறகைத் தடவி, முனி எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்வார். பிறகு இரண்டு கணுக்காலிலும் கறுப்பு நூல். அதற்குப் பெயர் அசையாக் கட்டு. கட்டியவர் ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டும்.

"அசைஞ்சா முனி சதைய விட்டு எலும்புக்குள்ள எறங்கிருவான். எலும்புக்குள்ள போய்ட்டா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்பார் சாமி.

கடைகளில் இதையே, 'விற்ற பொருட்கள் திருப்பி எடுக்கப்படமாட்டா' என்று எழுதி மாட்டியிருப்பார்கள்.

வாரம் முடிந்ததும் நூல் அறுப்பு. மடுவத்துக்குப் பின்னால் உள்ள பாறையைச் சுற்றி, கையை வீசி, மெதுவாக நடக்க வேண்டும். முதல் சுற்றில் முனகுவார்கள். போகப் போகக் கால் இளகும். கடைசிச் சுற்றில் சிரிப்பார்கள். ரமேஸ் என்ற சீடர் அந்தச் சிரிப்பை மட்டும் போனில் பிடித்து உலகமெங்கும் அனுப்பிவைப்பார். காணிக்கை, ஆளுக்கு ஒரு சேவல். சாமி சுத்த சைவம். சேவல்கள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமைகளில் சந்திச் சாப்பாட்டுக் கடையில் கோழிக் கொத்து ரொட்டி மட்டும் நல்ல ருசியாக இருந்தது.

இந்தச் சாமியிடம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விஜயலெட்சுமியும் போனாள்.

பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறவள் அவள். வாய் கொஞ்சம் நீளம். கங்காணி அவளோடு பேசுவதற்கு முன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வார். பதுளையில் நடக்கப்போகும் பெண்களுக்கான கயிறு இழுக்கும் போட்டிக்குத் தோட்டத்தில் எட்டுப் பேர் அணி சேர்த்தபோது, அவளைத் தலைவியாக்க யாரும் கை தூக்கவில்லை. அவளே ஆகிக்கொண்டாள்.

பயிற்சி கொடுக்க பண்டாரவளையிலிருந்து ஷிப்னா டீச்சர் வந்தாள். பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. தகப்பனுக்கு டவுனில் உடுப்புக் கடை. முதல் சனிக்கிழமையே கயிற்றின் மறுமுனையைத் தோட்டத்து ட்ரெக்டரில் கட்டி இழுக்கச் சொன்னாள். ட்ரெக்டர் நகரவில்லை. இவர்கள்தான் நகர்ந்தார்கள், முகம் குப்புற. ஆனாலும் யாரும் விடவில்லை. வரிசையின் கடைசியில் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கும் சுதர்ஷினி, "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று கத்திக்கொண்டே இருந்தாள். இருட்டும்வரை இழுத்தார்கள்.

புறப்படும்போது ஷிப்னா சொன்னாள்: "நாளைக்கி ஒடம்பு முழுக்க வலிக்கும். பயப்பட வேணாம். படுத்தே இரிக்காம, கைய வீசிக்கிட்டு மெதுவா நடங்க. கஷ்டமான வேல ஒண்ணும் வேணாம். சும்மா நடந்தாப் போதும்."

"வலிக்கிற கால வச்சு நடக்கச் சொல்லுது டீச்சரு. ட்ரெக்டர விட்டுட்டு நம்மள ஓட்டப் பாக்குது" என்றாள் விஜயலெட்சுமி. எல்லாரும் சிரித்தார்கள். அத்தோடு அந்தப் புத்திமதி முடிந்தது. புத்திமதி நல்ல தமிழில், இலவசமாக, கண்ணைத் திறந்துகொண்டு சொல்லப்பட்டது. அதை யார் கேட்பார்கள்?

மறுநாள் விடிந்தபோது லயத்து வீடுகள் முழுக்க முனகல். விஜயலெட்சுமி கட்டிலை விட்டு எழும்ப முயன்று, யாரோ தன் தொடையைக் கழற்றி வேறு யாருடைய தொடையையோ மாட்டிவிட்டதாக உணர்ந்தாள். சுதர்ஷினி படியில் இறங்க முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். அவளுடைய அம்மா பெரியாயி தலையில் அடித்துக்கொண்டு, "இது சும்மா வலியில்ல. எட்டுப் பேருக்கும் ஒரே நாள்ல எப்படி வரும்?" என்று கேட்டாள்.

எட்டுப் பேரும் ஒரே நாளில் ஒரே ட்ரெக்டரை இழுத்தார்கள் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வாடகை வான் ஒன்றில் ஏறிப் பெரகலவுக்குப் போனார்கள்.

சாமி கண்ணை மூடினார். "கயிறு எங்க வாங்கினது?"

"பண்டாரவளையில, சாமி" என்றாள் விஜயலெட்சுமி.

"அந்தக் கடைக்கு வர்றதுக்கு முந்தி அது எங்க இருந்துச்சு?"

அணியே ஒருவரை ஒருவர் பார்த்தது. யாருக்குத் தெரியும்?

"தெரியலையில்ல? அங்கதான் இருக்கான் முனி!"

பெரியாயி அழத் தொடங்கினாள். விஜயலெட்சுமிக்கும் பயம் வந்துவிட்டது. அவ்வளவு வாய் பேசுகிறவள் அங்கே ஒரு வார்த்தையும் பேசாமல் காலை நீட்டினாள். கறுப்பு நூல் ஏறியது. எட்டுச் சேவல்கள் இறங்கின.

திங்கட்கிழமை அணி முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. விஜயலெட்சுமியும் படுத்திருந்தாள். ஆனால் அவளுடைய பசுவுக்கு அசையாக் கட்டு பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. அது கயிற்றை அறுத்துக்கொண்டு தேயிலை மலைக்குள் இறங்கிவிட்டது. புருஷன் வேலைக்குப் போயிருந்தான். கன்றுத்தேயிலையைப் பசு மேய்ந்தால் தோட்டத்துத் துரை என்ன சொல்வார் என்பது முனியை விட நிச்சயமாகத் தெரிந்த விஷயம். விஜயலெட்சுமி சுவரைப் பிடித்து எழுந்தாள்.

முதல் அடியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எலும்புக்குள் எப்போது இறங்குவானோ என்று பயந்து பயந்து அடுத்த அடியை வைத்தாள். பசு சீமாட்டி போல நின்று நின்று நடந்தது. இவளும் நின்று நின்று நடந்தாள். மலையைச் சுற்றி, ஓடையைத் தாண்டி, மறுபக்க ரோட்டால் பசுவை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பியபோது மத்தியானமாகிவிட்டது. வாசலில் நின்றுகொண்டு தொடையைத் தொட்டுப் பார்த்தாள். வலி இருந்தது. ஆனால் காலையில் இருந்த வலி இல்லை. படியில் இறங்கினாள், ஏறினாள். மறுபடி இறங்கினாள்.

அன்று முழுவதும் முனிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அடுத்த நாள் அவளே பசுவை அவிழ்த்துக்கொண்டு போனாள். அதற்கடுத்த நாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்குப் போனாள். அங்கேதான் பெரியாயி அவளைப் பார்த்தாள்.

"அடியே! கட்டோட நடக்குறியா?"

"வலி விட்டுருச்சுக்கா. சுதாவையும் கொஞ்சம் எழுப்பி நடக்க வையேன்."

"எம்புள்ள நொண்டியாகணுமா ஒனக்கு?" என்று பெரியாயி குடத்தை நிரப்பாமலே போய்விட்டாள்.

அந்த வார இறுதியில் அறுப்புக்குப் போனார்கள். மற்றவர்கள் பாறையைச் சுற்றினார்கள், முனகினார்கள், சிரித்தார்கள். சுதர்ஷினியால் மட்டும் எழும்ப முடியவில்லை. ஒரு வாரம் அசைந்தால் செத்துப்போவோம் என்று நடுங்கியே படுத்திருந்த பெண். உடம்பு விறைத்திருந்தது, அதைவிட மனம் விறைத்திருந்தது. காலை ஊன்றச் சொன்னாலே அலறினாள்.

சாமிக்குக் கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் சாமிகளுக்குச் சங்கடம் அதிக நேரம் நிற்பதில்லை. "கட்டுப் போட்டவங்கள்ல ஒருத்தி நடந்திருக்கா. அவ ஒதறிவிட்ட முனி இந்தப் புள்ள மேல ஏறிட்டான். இப்ப இவளுக்கு ரெண்டு முனி!" என்றார்.

எல்லாருடைய கண்களும் விஜயலெட்சுமியின் மேல் விழுந்தன. பெரியாயி அவள் காலடியில் மண்ணை அள்ளி வீசினாள்.

அந்த வாரம் விஜயலெட்சுமிக்கு நன்றாக நினைவிருக்கும். கொழுந்து பறிக்க அவள் நிரையில் நின்றால் பக்கத்து நிரைக்காரி தள்ளிப்போனாள். பீலியில் அவள் குடம் வைத்த இடத்தை மற்றவர்கள் கழுவிவிட்டு வைத்தார்கள். சுதர்ஷினி இன்னொரு வாரம் படுக்கையில். இரவில் அவள் அழுவது லயத்துச் சுவரைத் தாண்டிக் கேட்டது. விஜயலெட்சுமி கண் விழித்துக் கிடந்தாள். உண்மையிலேயே நான்தான் செய்தேனா? அந்தக் கேள்வி அவளை வலியை விட மோசமாக வதைத்தது.

முந்திய சனிக்கிழமை வர முடியாமல் போன ஷிப்னா இந்தச் சனிக்கிழமை பயிற்சிக்கு வந்தபோது மைதானத்தில் விஜயலெட்சுமி மட்டும் கயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"அப்ப நீங்க மாட்டுக்குப் பின்னால நடந்ததும், மத்தவங்க பாறையச் சுத்தி நடந்ததும் ஒண்ணுதானே, அக்கா?" என்று கேட்டாள் ஷிப்னா.

விஜயலெட்சுமி விரலை மடக்கி நாட்களை எண்ணினாள். "அட, ஆமா. ஆனா நான் ஒரு வாரம் முந்தி நடந்துட்டேன்."

"கடுமையா வேல செஞ்சா அடுத்த நாளும் அதுக்கு அடுத்த நாளும் சத வலிக்கும். நாலஞ்சு நாள்ல தானாப் போகும். மெதுவா நடந்தா கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். நடந்தா மாயமாப் போயிரும்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு இடம் மட்டும் வீங்கினா, இல்லாட்டி மூத்திரம் பாலூத்தாத சாயத் தண்ணி நெறத்துல போனா, நடையும் வேணாம் நூலும் வேணாம், நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"சாமி மாதிரி நீங்களும் கொஞ்சம் அடிச்சுப் பேசினா என்ன, டீச்சர்? ஊரே கேட்டிருக்குமே."

"தெரிஞ்சத மட்டும் சொல்றதுக்கு அப்பிடிப் பேச வராது அக்கா."

சாமி அறுக்காமல் விட்டிருந்த தன் கால் நூலை விஜயலெட்சுமி அறுத்து எறிந்தாள். "சுதா எந்திரிக்கணும். ஆனா அவ நம்புறது அந்தாள. அவன் வாயாலேயே அவன் பொய் வெளிய வரணும். கம்பளிக்குள்ள யாரு இருக்கான்னு தெரியாமலே முனி இருக்கானா இல்லையான்னு சொல்றான்ல? சொல்லட்டும் பாப்போம்."

இருவரும் சேர்ந்து கயிற்றை ஒரு சவுக்கு மரத்தில் கட்டி, ஷிப்னாவின் கை நடுங்கும்வரை இழுத்தார்கள். மறுநாள் அவளுக்கு நிச்சயமாக வலிக்க வேண்டும். வலியே இருக்க முடியாத இன்னொரு ஆளும் தேவைப்பட்டது. ஷிப்னா யோசித்துவிட்டுச் சிரித்தாள். "வாப்பாட கடையில ஒருத்தி இரிக்கிறா."

ஞாயிற்றுக்கிழமை காலை மடுவத்து வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஷிப்னா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பிறகு விஜயலெட்சுமியும் ஆட்டோக்காரரும் கம்பளியில் முழுக்கச் சுற்றியிருந்த இன்னொரு உருவத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். உடுப்புக் கடைக் கண்ணாடிக்குள் சேலை கட்டி நிற்குமே, அந்தப் பொம்மை.

சனம் விலகி வழிவிட்டது. "ஐயோ பாவம், எப்படி வெறச்சுப் போச்சு புள்ள!" என்றாள் ஒருத்தி.

"கடையில வேலைங்க. நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கணும்" என்றாள் விஜயலெட்சுமி. அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

ஷிப்னாவும் பொம்மையும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள். இருவரையும் கம்பளி மூடியது. மூலையில் பெரியாயி, மகளை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாமி வந்தார். விஜயலெட்சுமியைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினார்.

விஜயலெட்சுமி கையைக் கூப்பினாள். "தப்புப் பண்ணிட்டேன், சாமி. எல்லார் முன்னாலயும் ஒங்க சக்தியக் காட்டுங்க. இந்த ரெண்டு பேர்ல யாருக்கு முனி? நீங்க சொன்னா நான் இந்த மடுவத்தக் கூட்டிக்கிட்டே கெடக்குறேன்."

கூட்டம் முன்னால் நகர்ந்தது. ரமேஸ் போனை நேரலையில் போட்டார். இவ்வளவு கூட்டத்தையும் ஒரு போனையும் வைத்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்கிற சாமி இன்னும் பிறக்கவில்லை.

சாமி கண்ணை மூடி முதல் கம்பளியைத் தடவினார். "இந்த ஒடம்பு பூ மாதிரி. சுத்தம். வலியே கிடையாது."

கம்பளிக்குள் ஷிப்னா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டாவது கம்பளிக்கு வந்தவர் மயிலிறகை வைத்ததும் துள்ளிப் பின்வாங்கினார். "ஆத்தாடி! எலும்புக்குள்ள உக்காந்திருக்கான்! இந்தப் புள்ள மூச்சு விடவே கஷ்டப்படுது. ராத்திரி பூரா அழுதிருக்கு."

"சாமி, இவ அசைஞ்சா?" என்று கேட்டாள் விஜயலெட்சுமி.

"அசைஞ்ச நிமிஷமே உசுரு போயிரும்!"

விஜயலெட்சுமி குனிந்தாள். ஒரு கையால் அந்த உருவத்தை இடுப்பைப் பிடித்துத் தூக்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கம்பளி வழுக்கி விழுந்தது. பிளாஸ்டிக் முகம் கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தது. கழுத்தில் 'விலையில் ஐம்பது வீதக் கழிவு' என்ற அட்டை தொங்கியது.

"எங்க, உசுரு போகட்டும்" என்றாள்.

அதே நேரம், பூ மாதிரி உடம்புக்காரியான ஷிப்னா, "உம்மா!" என்று முனகிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்து எழுந்தாள். "எனக்கித்தான் வலி. நேத்து இழுத்த இழுவ."

முதலில் ஒரு பொடிச் சிரிப்பு. பிறகு மடுவத்துத் தகரம் அதிர்ந்தது.

"முனி பொம்மைக்குள்ளயும் போவான்!" என்று கத்தினார் சாமி.

நீங்கள் நம்ப மாட்டீர்கள், இரண்டு பேர் உடனே பொம்மையைக் கும்பிட்டார்கள்.

"ராத்திரி பூரா அழுதுச்சுன்னீங்களே, எந்தக் கண்ணால?" என்றாள் விஜயலெட்சுமி. "வலிக்கிறவளுக்கு வலியில்லங்கிறீங்க. வலியே தெரியாததுக்குச் சாவு நாள் குறிக்கிறீங்க. எங்கள ஒரு வாரம் படுக்கப்போட்டு, அதுக்குள்ள வலி தானா வத்தினதும், பாறையச் சுத்தி நடக்க வச்சு எங்க காலையே எங்களுக்கு வித்துட்டீங்களே!"

பிறகு பொம்மையைக் கீழே வைத்துவிட்டு மூலைக்குப் போனாள். குரல் இறங்கியது. "சுதா, கையக் குடு. முனி வந்தா முதல்ல என்னையப் புடிக்கட்டும்."

சுதர்ஷினி அம்மாவைப் பார்த்தாள். பெரியாயி மகளின் கணுக்காலைப் பிடித்து, பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

சுதர்ஷினி எழுந்தாள். கால் கம்பு போல இருந்தது. விஜயலெட்சுமியின் தோளில் முழு உடம்பையும் போட்டு ஒரு அடி. அழுதாள். இன்னொரு அடி. "மெதுவா, மெதுவா" என்றாள் ஷிப்னா, தானும் நொண்டிக்கொண்டு. மூவரும் மடுவத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. வாசலுக்கு வந்தபோது சுதர்ஷினி தோளிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தானாக நின்றாள்.

இதற்குள் மடுவத்துப் பின்கதவு திறந்து கிடந்தது. முடக்கறுத்த சாமி, தேயிலைக்கு நடுவே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். வெகு வேகம். அவருக்கு எந்த முனியும் இல்லை என்பது நிரூபணமாயிற்று. "டேய் சின்னராசா! பஸ்ஸுல இஞ்சி மிட்டாய் வித்தவன்தானேடா நீ!" என்று கூட்டத்தில் இருந்த கண்டக்டர் ஒருவர் அப்போதுதான் ஞாபகம் வந்தவராகக் கத்தினார். ரமேஸ் இன்னும் நேரலையை நிறுத்த மறந்திருந்தார்.

பெரியாயி காணிக்கைச் சேவல்கள் அடைத்திருந்த கூண்டைத் திறந்து ஒரு சேவலைப் பிடித்துக்கொண்டாள். விஜயலெட்சுமியிடம் வந்து, அதை அவள் கையில் திணித்தாள்.

பதுளைப் போட்டியில் அணி முதல் இழுவையில் வென்றது. அடுத்ததில் மொனராகலைப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் அவர்களைச் சேற்றில் உருட்டி எடுத்தார்கள். சுதர்ஷினி கடைசிவரை கயிற்றை விடவில்லை. இரண்டு முனி பிடித்தவள் என்று யாரும் சொல்ல முடியாது.

மறுநாள் எட்டுப் பேருக்கும் உடம்பெல்லாம் வலி. எட்டுப் பேரும் கையை வீசிக்கொண்டு பூனாகலை ரோட்டில் மெதுவாக நடந்தார்கள். எதிரே மரக்கறி லொறியை நிறுத்திய ஒருவர், தலையை வெளியே நீட்டி, பக்தியோடு கேட்டார்: "என்னங்க, ஏதும் நேர்த்திக்கடனா? இப்படி நடக்கச் சொன்னது எந்தச் சாமி?"

விஜயலெட்சுமி தன் நெற்றியைத் தட்டிக் காட்டினாள்.

"இங்க இருக்கிற சாமி, அண்ணே. ஒங்களுக்கும் இருக்கு. கும்புடத் தேவையில்ல, எடுத்துப் பாவிச்சாப் போதும்."